ரிசர்வ்

நாலு தூறல் விழுந்தாலே
கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்துவிடும்.
உள்ளே இறங்கி நடுவில் நின்றுபோன வண்டியை
மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்
எல்லோரும் ஒரே ஆள் மாதிரி இருப்பார்கள்.
சுருட்டிய பேண்ட், ஹேண்டிலில் மாட்டிய செருப்பு,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்:
"வந்துட்டேன், வந்துட்டேன்."

எனக்கு மாவு வியாபாரம்.
தண்டையார்பேட்டையில் விடியுமுன் அரைத்து
எக்ஸ்எல்லில் நாற்பது பாக்கெட் ஏற்றினால்
வியாசர்பாடிக் கடைகள் முடிய எட்டாகும்.
மாவு காத்திருக்காது, புளிக்கும்.
ஆனாலும் மேட்டில் நிறுத்துவேன்.

முன் பையில் பிளக் ஸ்பேனர்,
அரை முழ உப்புத்தாள், மகனின் பழைய பனியன்.
எல்லாம் பால் கவரில் சுற்றி, நனையாமல்.

"இன்னாம்மா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"
பதில் சொல்வதில்லை.
கழற்றி, ஈரம் துடைத்து, கரியைத் தேய்த்து,
ஒரு ஊது ஊதி மாட்டி
"இப்ப உதை" என்பேன்.

சைலென்சர் ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பும்.
இன்ஜின் இருமும், இருமும்,
பிறகு பிடித்துக்கொள்ளும்.
அந்த நொடியில்
ஆளின் தோள் இரண்டும் கீழே இறங்கும்.
அதைப் பார்க்கத்தான் நிற்கிறேன் என்பது
ரொம்ப நாள் எனக்கே தெரியாது.

ஒருமுறை ஒரு புருஷன் பெண்டாட்டி.
தண்ணீருக்குள்ளிருந்தே சண்டை.
பிளக் நனையக் கூடாதென்று
இரண்டு பேரும் ஒரே குடையை
என் தலைக்கு மேல் பிடித்தார்கள்.
மூன்று நிமிடம் பேச்சில்லை.
வண்டி கிளம்பியதும்
விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கிக்கொண்டு போனார்கள்.

மூலக்கடையில் ஹெல்மெட் இல்லையென்று
எனக்கு ஃபைன் போட்டவரும் வந்தார்,
காக்கி தொடைவரை நனைந்து.
என்னை அடையாளம் தெரியவில்லை.
நான் ஹெல்மெட் போட்டிருந்தேன்.

காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.
ஏன் வாங்கக் கூடாது?
காசிமேட்டுத் தேசம்மா
கூடையிலிருந்து இரண்டு கை இறாலை அள்ளி
மாவுப் பையிலேயே போட்டுவிட்டாள்.
குழம்பு ஒரு வேளைக்கு வந்தது,
வாடை ஒரு வாரத்துக்கு.

"பெட்ரோல் உறிஞ்சறியா?" என்று
பிடித்துத் தள்ளினவனும் உண்டு.
அன்று நாலு பாக்கெட் உடைந்து
மழைத்தண்ணீர் வெள்ளையாக ஓடியது.
அடுத்த மழைக்கு
ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.
நின்றவர்களைப் பார்க்காமல் ஓட்டினேன்.
முழங்கைச் சிராய்ப்பைவிட
அதுதான் எரிந்தது.

போன வியாழன்
கொருக்குப்பேட்டை கேட் தாண்டி
பொட்டு மழையில்லாத வெயிலில்
என் வண்டி நின்றது.
இறங்கக்கூட இல்லை,
காலேஜ் பேகைத் தரையில் போட்டுவிட்டு
ஒரு பையன் வந்துவிட்டான்.
எபினேசர், அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர்.
"பிளக்குதான் அக்கா. எனக்குத் தெரியும்."

எனக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது:
பெட்ரோல் ரிசர்வுக்கு வந்திருக்கிறது,
குமிழைத் திருப்பினால் போதும்.
வாயைத் திறந்தேன்.
அவன் கை நீட்டிக்கொண்டிருந்தான்.
ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

தப்பான பக்கம் திருகினான்.
பிறகு சரியான பக்கம்.
கரிக் கையால் நெற்றியைத் துடைத்தான்.
கூட்ஸ் வண்டி ஒன்று
கடைசிப் பெட்டி வரை போய் முடிந்தது.
கடையிலிருந்து போன், "மாவு எங்கம்மா?"
"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றேன்.

அவன் குனிந்து பிளக்கை ஊதும்போது
புடவையால் மறைத்து
குமிழை ரிசர்வுக்குத் திருப்பினேன்.

"இப்ப உதைங்கக்கா."

உதைத்தேன். இருமியது.
பிடித்துக்கொண்டது.

எபினேசர் வண்டியைப் பார்க்கவில்லை,
என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறக்கினேன்.